எகிடிகேவுக்கு நாலு மார்க் போட்ட மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

2025 ஜூலையில் ஜப்பானில் நம் லிவர்பூல் அணி ஆடிய யோகோஹாமா நட்பு மேட்ச் முடிந்த கையோடு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மேட்சே அதை விடச் சீக்கிரம் முடிந்திருக்கும். இந்தக் கோடையில் கிளப் புதிதாக வாங்கிய நாலு பேருக்கும் பத்துக்கு மார்க்: விர்ட்ஸுக்கு எட்டு, ஃப்ரிம்பாங்குக்கு ஆறு, கெர்கெஸுக்கு ஐந்து, எகிடிகேவுக்கு நாலு. கடைசியில் "இவனுக்கா இவ்வளவு காசு" என்று ஒரு பெருமூச்சு வேறு. நம் லிவர்பூல் குரூப்பில் பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். தனியாகப் பதில் சொன்னால் ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல வேண்டிவரும், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மார்க் போடுவதில் எனக்குத் தகராறு இல்லை. ஜூலை மாதத்தில் லிவர்பூல் ரசிகனுக்கு வேறென்ன வேலை? நீ யாரைப் பார்த்து மார்க் போட்டாய் என்பதில்தான் தகராறு. ஆட்டம் முழுக்கப் புதிதாக வந்தவர்கள் மேலேயே கண்ணை வைத்திருந்திருக்கிறாய். என்னைக் கேட்டால், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கோல் கணக்கை ஓரமாக வை. சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம் என்பது பாதி உடற்பயிற்சி. லீவு முடிந்து வந்தவன் கால் இன்னும் கனமாக இருக்கும், காலையில் பயிற்சி, சாயங்காலம் மேட்ச், நடுவில் விமானம். இரண்டாம் பாதியில் ஒரே நேரத்தில் பாதி அணி மாறும். அதில் விழுகிற கோலை வைத்து ஒரு ஆளை எடை போட முடியுமா?

2022 ஜூலையை நினைத்துப் பார். பாங்காக்கில் மான்செஸ்டர் யுனைடெட் நம்மை 4-0 என்று அடித்தது. நம் முன்வரிசைக்கு டார்வின் நூனியஸ் வந்த புதிது. கிடைத்த வாய்ப்பைக் கோல் கம்பத்துக்கு மேலே வானத்துக்கு அனுப்பினார். அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரமே லைப்சிக்கில், இடைவேளைக்குப் பிறகு இறங்கி நாலு கோல் போட்டார். உடனே அத்தனை பேரும் கட்சி மாறினார்கள். ஜூலை 30 அன்று, சீசன் தொடக்கக் கோப்பை ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டில் நாம் மான்செஸ்டர் சிட்டியை 3-1 என்று ஜெயித்தோம், அதிலும் நூனியஸ் கோல். எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த ஹாலண்ட், கோல் வாய்க்கு நேரே நின்றுகொண்டு பந்தைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். அன்றைக்கு ராத்திரி குரூப்பில் ஹாலண்டை வைத்து எத்தனை மீம் போட்டோம்! அந்த சீசன் முடிவில் ஹாலண்டுக்கு லீக்கில் 36 கோல், அதுவரை யாரும் போடாத எண்ணிக்கை. நூனியஸுக்கு 9. அதற்குள் நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தன் முதல் லீக் மேட்சிலேயே தலையால் முட்டி சிவப்பு அட்டையும் வாங்கிவிட்டார்.

ஹாலண்ட் பெரிய ஆள், நூனியஸ் சின்ன ஆள் என்று சொல்ல வரவில்லை. ஹாலண்டுக்குப் பின்னால், பந்து எடுத்துக் கொடுக்க டி புருய்னே நின்றார். பந்து எங்கே வந்து விழும் என்று ஹாலண்டுக்குச் சந்தேகமே வரவில்லை. நூனியஸ் வந்த அதே கோடையில் நம்மிடமிருந்து மானே போய்விட்டார். முன்வரிசையில் பல வருடம் ஒருவரையொருவர் பார்க்காமலே பந்து கொடுத்துப் பழகிய கூட்டணி கலைந்த இடத்தில் வந்து நின்றவர் அவர்.

இன்னும் நல்ல உதாரணம் இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ராபர்ட்சன். 2017-ல் ஹல் சிட்டியிலிருந்து 80 லட்சம் பவுண்டுக்கு வந்தார். ஆகஸ்ட்டில் அவருக்கு மார்க் போட்டிருந்தால் நீ மூன்று கொடுத்திருப்பாய். டிசம்பரில், அதே இடத்தில் ஆடிய மொரேனோவுக்கு அடிபட்ட பிறகுதான் தொடர்ந்து இடம் கிடைத்தது. ஜனவரியில் நடுத் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்து அவருக்கு வலப்பக்கம் நின்றார். அதற்கப்புறம்தான் நமக்குத் தெரிந்த ராபர்ட்சன். பின்னால் விட்டுவிட்டுப் போன இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவன் இருக்கிறான் என்ற தைரியம் வந்தால்தான் இடது பேக் முன்னால் ஓடுவான். நம் ரேஸ்கோர்ஸ் கிரவுண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலேயே இது தெரியுமே. நான் உனக்குப் பின்னால் நிற்கிற நாளில் நீ விங்கில் பறப்பாய். நான் வராத நாளில் நடுக்கோட்டைத் தாண்ட மாட்டாய். உன்னை முதல்முறை பார்ப்பவன் எந்த நாளில் வந்தான் என்பதைப் பொறுத்து உன் மார்க் மாறும்.

பரோட்டா கடைக்குப் புது மாஸ்டர் வந்தால் என்ன நடக்கும்? வீச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், மாவு பிசைகிறவரும் புதுசு, கல்லில் நிற்கிறவரும் புதுசு என்றால் ஒரு வாரத்துக்குக் கடையில் சண்டைதான். இந்த வருடம் நம் அணியின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். எனக்கு இருக்கிற ஒரே கவலையும் இதுதான்.

போன வருடம் க்ளாப் போய் ஸ்லாட் பயிற்சியாளராக வந்தபோது வெளியிலிருந்து அணியில் சேர்ந்தவர் கியேசா ஒருவர்தான். அவரும் பெரும்பாலும் பெஞ்சில். மற்றவர்கள் எல்லாம் க்ளாப் காலத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து 20-வது லீக் பட்டத்தை எடுத்தார்கள். லீக் முழுக்கச் சேர்த்து சலா 29 கோல் போட்டு, 18 கோலுக்குப் பந்தும் கொடுத்தார். அந்த வலது பக்கத்தில் அவருக்குப் பின்னால் பல வருடமாக நின்ற டிரென்ட் இப்போது ரியல் மாட்ரிட்டில். இடது பக்கம் லூயிஸ் டியாஸ் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். அந்த அறிவிப்பும் யோகோஹாமா மேட்ச் நடந்த அதே நாளில் வந்தது. ஜோட்டாவைப் பற்றி என்ன எழுதுவது? ஜூலை 3 அன்று அவர் கார் விபத்தில் இறந்த செய்தி வந்தது. அதன் பிறகு, அவருடைய 20-ஆம் எண் சட்டையை இனி கிளப்பின் எந்த அணியிலும் யாரும் போட மாட்டார்கள் என்று கிளப் சொல்லிவிட்டது. அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள் புதிதாக நுழைகிறவன் எப்படிச் சத்தமாகச் சிரிப்பான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறேன்.

சரி, ஆளாளாக வருகிறேன்.

எகிடிகேவுக்கு நீ கொடுத்த நாலுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அவர் கையெழுத்துப் போட்டதே ஜூலை 23-ல். ஒரு வாரத்தில் பக்கத்தில் இருப்பவன் பெயரைத் தெரிந்துகொள்ளலாம், எந்தக் காலால் பந்து கொடுப்பான் என்று தெரிந்துகொள்ள முடியாது. அவர் கதையைப் பார்: 2022-ல் ரெய்ம்ஸ் கிளப்பிலிருந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மனுக்குப் போனார். அங்கே மெஸ்ஸி, நெய்மர், எம்பாப்பே. அந்த மூவரும் இருக்கிற இடத்தில் இருபது வயதுப் பையனுக்கு யார் பந்து கொடுப்பது? உதவாத ஆள் என்று பேர் வாங்கினார். ஜெர்மனியின் பிராங்பர்ட் கிளப்புக்குப் போனதும் பக்கத்தில் மார்மூஷ். இரண்டு பேரும் சேர்ந்து ஓடி இடம் மாறி மாறி ஆடினார்கள். ஜனவரியில் மார்மூஷை மான்செஸ்டர் சிட்டி வாங்கிக்கொண்டு போன பிறகும் இவர் நிற்கவில்லை, போன சீசன் ஜெர்மன் லீக்கான பண்டஸ்லிகாவில் மொத்தம் 15 கோல். ஆள் ஒன்றுதான், பக்கத்தில் நின்றவர்கள்தான் வேறு. 6.9 கோடி பவுண்டு, மேற்கொண்டு ஒரு கோடி வரை போகலாம் என்பது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காசுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் மட்டுமில்லை, அவருக்குப் பந்து கொடுக்கப் போகிறவர்களும்தான்.

விர்ட்ஸுக்கு எட்டு போட்டது அந்த கோலுக்காகத்தானே? ஒரு கோல் பின்தங்கியிருந்தோம், அவர் சமன் செய்தார், எல்லோருக்கும் நிம்மதி. அந்த கோல் இல்லாவிட்டாலும் நான் எட்டு போட்டிருப்பேன். 2023-24-ல் லெவர்குசன் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் ஜெர்மனி சாம்பியன் ஆனபோது அந்த அணியின் மூளை இவர். 10 கோடி பவுண்டு, நம் காசில் ஆயிரத்து நூறு கோடிக்கு மேல். தரத்தில் சந்தேகம் கிடையாது. சலா உள்ளே வெட்டி வருகிற அதே பாதையில்தான் இவரும் பந்து கேட்பார். யார் யாருக்கு வழிவிடுவது என்பது முடிவாக இன்னும் நாளாகும். சலா வழிவிட்டுப் பழகிய ஆள் இல்லை. 47 கோலில் பங்கு வைத்திருக்கிறவர் ஏன் விட வேண்டும் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

ஃப்ரிம்பாங்கிடம்தான் நீ ஏமாந்துவிட்டாய் என்பேன். வேகத்தைப் பார்த்து ஆறு கொடுத்திருக்கிறாய். அவரும் லெவர்குசன்காரர், விர்ட்ஸின் கூட்டாளி. அது நல்லது, புதிய இடத்தில் தெரிந்த முகம் ஒன்று. ஆனால் லெவர்குசனில் அவருக்குப் பின்னால் மூன்று சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர் திரும்பி வராவிட்டாலும் வீடு பூட்டியே இருக்கும். இங்கே இரண்டு பேர்தான். அவர் ஓடின இடத்தை, அந்த இருவரில் வலப்பக்கம் நிற்கிற கோனாட்டே தனியாக அடைக்க வேண்டும். அதோடு, டிரென்ட் நின்ற இடத்திலிருந்தே நாற்பது கஜ தூரத்துக்குச் சலாவின் காலடியில் பந்தை வைப்பார். ஃப்ரிம்பாங் பந்து கொடுக்கிறவர் இல்லை, பந்தோடு ஓடுகிறவர். அதனால் இந்த சீசனில் எனக்குப் பெரிய கேள்வி, சலாவுக்குப் பந்து எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான். சலாவுக்கு கோல் குறைந்தால் நீ முதலில் "வயசாகிவிட்டது" என்பாய். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவேன்.

கெர்கெஸைப் பற்றி அதிகம் இல்லை. நாலு கோடி பவுண்டு, 21 வயது, போர்ன்மவுத்தில் ஒரு நிமிடம் நிற்காமல் ஓடியவர். நம் அணியிலேயே இருக்கிற சொபோஸ்லாய், ஹங்கேரி அணியில் இவருக்கு அண்ணன் மாதிரி. பக்கத்தில் வான் டைக் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார்.

இதையெல்லாம் நான் எங்கிருந்து பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். கடையில்தான். போனை ஏ4 பண்டிலில் சாய்த்துவைத்துவிட்டு, இடது கையால் ஜெராக்ஸ் மெஷின் மூடியை அழுத்திக்கொண்டு பார்த்தேன். ஆசியாவில் நடக்கிற மேட்ச்தான் நமக்கு டீ நேரத்தில் வரும், மற்றதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கிற கேஸ். ஒவ்வொரு முறை லைட் ஓடும்போதும் போன் திரை வெளிறிப்போகும். ஆதார் காப்பி எடுக்க வந்த அக்கா "யாருப்பா ஜெயிக்கிறா" என்று கேட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஒரே பக்கத்தில் வரணும் என்றார். வழக்கமாக வருகிற திண்டுக்கல்காரப் பெரியவரும் இருந்தார், அந்தக் காலத்தில் மில் டீமில் பேக் ஆடியவர். அவருக்குப் பந்தைப் பற்றிக் கவலையே இல்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கேமராக்காரன் பேக்கைக் காட்டவே மாட்டேங்குறானே" என்று திட்டிக்கொண்டே இருந்தார். டிவிக்காரர்களுக்குப் பந்துதான் கதாநாயகன். நீ மார்க் போட்டதும் அந்தக் கேமரா காட்டியதை வைத்துத்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த ஸ்டேடியம் எது தெரியுமா? 2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரொனால்டோ ஜெர்மனிக்கு இரண்டு கோல் போட்ட இடம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். யோகோஹாமாவோடு ஆடிய அன்றைக்கு, விர்ட்ஸ் போட்டது போக நம் மீதி இரண்டு கோலைப் போட்டது யார்? 18 வயது நியோனி, 16 வயது இங்குமோஹா. இரண்டு பேரும் உன் மார்க் பட்டியலிலேயே இல்லை, புதிதாக வாங்கின ஆள் இல்லையாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பையன் என்றால் மதிப்புக் கிடையாதா? இங்குமோஹாவை எழுதி வைத்துக்கொள். இவன் மேல் எனக்கு இருக்கிற ஆசைக்குக் காரணம் ஒன்றும் கேட்காதே.

திங்கட்கிழமை ஆன்ஃபீல்டில் ஸ்பெயினின் அத்லெட்டிக் கிளப்போடு ஒரே நாளில் இரண்டு மேட்ச். முதலாவது நமக்கு இரவில் வரும், இரண்டாவது நள்ளிரவு தாண்டித்தான். ஷிப்ட் இல்லையென்றால் திருப்பூரிலிருந்து முந்தின நாளே பஸ் ஏறிவிடு, மாட்டுத்தாவணியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். அம்மா கறி எடுக்கச் சொல்லியிருக்கிறார். பார்க்கும்போது ஒரு பாதி முழுக்க கோனாட்டேயை மட்டும் பார். ஃப்ரிம்பாங் மேலே போனதும் அவர் வலப்பக்கம் எவ்வளவு தூரம் இழுபடுகிறார் என்று கவனி. அப்புறம் சலா கைகளை விரித்துப் பந்து கேட்கிற தடவைகளை எண்ணு. ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெம்ப்ளியில் கிரிஸ்டல் பேலஸோடு கம்யூனிட்டி ஷீல்டு, 15-ஆம் தேதி ராத்திரி போர்ன்மவுத்தோடு லீக் ஆரம்பம். அதுவரை எகிடிகேயின் நாலை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு வை.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை மச்சான்