ஹெப்பாரின் ஆகாதவங்களுக்கும் ஒரு லாக் ஸ்டாக் வைங்க: டயாலிசிஸ் யூனிட்டுக்கு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்துக்கும் டயாலிசிஸ் டாக்டர்களுக்கும் வணக்கம்.

எங்கம்மா கேஸ் உங்களுக்குத் தெரியும். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற ஹெப்பாரின் மருந்தை ஆரம்பிச்ச ஒரு வாரத்துல பிளேட்லெட் பாதிக்கு மேல இறங்கி, கால்ல ரத்தம் கட்டி, இது ஹிட், அதாவது ஹெப்பாரினாலயே பிளேட்லெட் குறைஞ்சு ரத்தம் கட்டுற பிரச்சனைன்னு சொன்னது நீங்கதான், ஃபைல் மேல "நோ ஹெப்பாரின்"னு சிவப்பு மையில எழுதினதும் நீங்கதான். அப்படியிருந்தும் போன வாரம் டயாலிசிஸ் முடிஞ்சு கதீட்டரை (ரத்தக்குழாய்ல வச்சிருக்கிற டயாலிசிஸ் டியூபை) லாக் பண்றப்ப, அதாவது அடுத்த தடவை வரைக்கும் அதுல ரத்தம் உறையாம மருந்து நிரப்பி மூடுறப்ப, அதே 5000 யூனிட் ஹெப்பாரினை சிரிஞ்சுல ஏத்திட்டாங்க. அம்மா கேட்டதால நின்னுச்சு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனுஷி, ஊசியோட யார் வந்தாலும் "ஹெப்பாரின் இல்லையேம்மா?"ன்னு கேக்குறாங்க, நாலு மணி நேரம் கண்ணை மூட பயப்படுறாங்க. எங்களை உள்ள விடமாட்டீங்க, அப்ப அவங்க அசந்துட்டா யார் பாக்குறது?

சிஸ்டரை குத்தம் சொல்லல. "லாக் பண்ண வேற என்ன சார் இருக்கு இங்க"ன்னு கேட்டாங்க, அது நியாயம்தானே.

4% சோடியம் சிட்ரேட் வாங்கி வைங்கன்னுதான் கேக்குறோம். ரத்தம் உறைய கால்சியம் வேணும், சிட்ரேட் அதைப் பிடிச்சு வச்சுக்குது, ஹெப்பாரின் வாடையே அதுல கிடையாது. கனடாவுல நிறைய யூனிட்ல இதுதான் லாக். 46.7% சிட்ரேட்டால ஒரு உயிர் போய் 2000ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சது உங்களுக்கே தெரியும், நாங்க கேக்குறது அது இல்ல, 4%, அதுவும் கதீட்டர் கிளாம்ப்ல போட்டிருக்கிற எம்எல் அளவுக்கு மட்டும். லாக்குக்கு டாரோலிடின்ங்கிற கிருமி தடுக்குற மருந்து வாங்குறதா இருந்தா லேபிளைப் பாத்து வாங்குங்க, 2023ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதுல ஹெப்பாரினும் கலந்திருக்கு.

மருந்து தேடி அலையிறது, ரத்தம் தேடுறது, ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு மாடி மாடியா ஓடுறது எல்லாம் எங்க வேலைன்னு ஆயிருச்சு, செய்றோம், ஆனா எந்த ஊசி போகக்கூடாதுன்னு படுத்திருக்கிற நோயாளியே காவல் காக்கணும்னா எப்படிங்க? பில்லுல ஒத்த ரூபா குறைஞ்சா உடனே கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர்ல இந்த ஒரு எச்சரிக்கை ஏற மாட்டேங்குதே!

கோபத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. அதுக்குள்ள 4% சிட்ரேட் ஸ்டாக்குக்கு வரணும், அம்மா பெட்லயும் மெஷின்லயும் ஹெப்பாரின் கூடாதுன்னு அட்டை தொங்கணும். வர லேட் ஆகும்னா முன்னாடியே சொல்லிடுங்க, எந்தக் கடையில கிடைச்சாலும் நாங்களே வாங்கிட்டு வர்றோம். தயவுசெஞ்சு பண்ணிக் குடுங்க.

இப்படிக்கு,
உங்க யூனிட் நோயாளி ஒருத்தரோட மகன்