பொருந்தாத நட்டும் உடைந்த சென்டர் போல்ட்டும்: உதிரிபாக நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
அம்பாசிடர் மார்க் 4 கார் உரிமையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழைய கார் உதிரிபாக விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: பின்பக்கப் பட்டைக்கான (தகடு ஸ்பிரிங்குக்கான) யூ போல்ட் செட்டில் தவறான நட்டுகள் அனுப்பியது, அதனால் நடுவழியில் நேர்ந்த விபத்து, அதன்பின் தங்கள் ஊழியர்கள் நடந்துகொண்ட விதம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னுடைய 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 காருக்காகத் தங்களிடம் வாங்கிய யூ போல்ட் செட் குறித்துத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பிறகு, இனி எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்ற முடிவுக்கு வந்து இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்த செட்டில் என்னென்ன இருக்கும், எந்த அளவில் இருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாங்களே விற்ற பொருள் அது. ஆனால் தங்கள் அலுவலகத்தில் இதுவரை என்னிடம் பேசியவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை என்பதால், பெட்டிக்குள் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

யூ போல்ட்டின் கால்கள் 7/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. அதனுடன் வந்த நட்டுகளோ 12 மில்லிமீட்டர், 1.25 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி. அங்குலத்துக்கு 20 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் நட்டு தடையில்லாமல் ஏறும், ஸ்பானர் பிடித்த கைக்கு இறுகியது போலவே தெரியும். ஆனால் போல்ட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய 11.1 மில்லிமீட்டர்தான், நட்டின் உள்விட்டம் 10.6 மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே மரையின் நுனி மட்டும் நுனியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) முழுவதையும் பட்டையோடு பிடித்து நிறுத்த வேண்டிய பாகத்தைத் தாங்கள் இப்படித்தான் பெட்டியில் போட்டு, மேலே பளபளப்பான சீட்டு ஒட்டி, '8.8 தரம்' என்று வலிமைக் குறியும் அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள். அதே பெட்டியில் இருந்த, பட்டைத் தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலையில் தரக்குறியும் இல்லை, தயாரித்தவர் குறியும் இல்லை.

இதன் விளைவு தஞ்சாவூர் சாலையில், துவாக்குடி தாண்டியதும் தெரிந்தது. என் தங்கை மகனின் மாப்பிள்ளை அழைப்புக்காக வண்டியைத் தஞ்சாவூருக்கு ஓட்டிச் சென்றுகொண்டிருந்தேன். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயர் மட்கார்டில் உரசும் நாற்றம் உள்ளே வந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோது இடப்பக்க ஆக்ஸில் பட்டையின் மேல் பின்னோக்கி நகர்ந்திருந்தது. யூ போல்ட் நட்டுகள் மரை வழுக்கித் தொங்கிக்கொண்டிருந்தன, சென்டர் போல்ட் இரண்டு துண்டாகியிருந்தது. கழன்று விழுந்த ஒரு நட்டுக்குள் போல்ட்டின் மரை முழுவதும் இடியாப்ப இழை போலச் சுருண்டு கிடந்தது. அந்த நட்டு, இழையோடு, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பின்னால் லாரி எதுவும் நெருக்கமாக வராதது என் முன்னோர் செய்த புண்ணியமே தவிர, தங்கள் தயாரிப்பின் சிறப்பு அல்ல.

பழைய வண்டி, பழைய பட்டை என்று தாங்கள் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பட்டைகள் இரண்டையும் பிரித்து, துரு நீக்கி, கிரீஸ் போட்டு, பட்டையின் முனையில் உள்ள ஷேக்கிள் இணைப்பின் புஷ்களையும் மாற்றிய பிறகுதான் தங்கள் செட் மாட்டப்பட்டது. மாட்டிய மெக்கானிக் அம்பாசிடர் வேலையிலேயே தலை நரைத்தவர். ஓரளவு ஓடிய பின் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். அந்தத் தூரத்தைக்கூட வண்டி எட்டவில்லை.

இனி தங்கள் ஊழியர்கள் பற்றி. முதலில் தொலைபேசியை எடுத்தவர், உடைந்தது எந்தப் பக்கத்துக் காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்) என்று கேட்டார். என் வண்டியில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்குத் தண்டு), பின்னால் பட்டை. காயில் ஸ்பிரிங் எந்த மூலையிலும் கிடையாது. அதைப் பொறுமையாகவே விளக்கினேன். அடுத்து பேசியவர்தான் என்னால் மறக்க முடியாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், நாப்பது வருஷ வண்டின்னா போல்ட் உடையத்தான் செய்யும். பேசாம காய்லாங்கடையில போட்டுட்டு ஒரு புது வண்டி வாங்கிடுங்க" என்றார். பின்னணியில் யாரோ சிரித்தார்கள். ஐயா, வண்டிக்குத்தான் நாற்பது வயது. உடைந்த போல்ட் தங்கள் கிடங்கிலிருந்து புதிதாக வந்தது. பழைய கார்களுக்கு உயிர்கொடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, பழைய காரைக் காய்லாங்கடைக்கு அனுப்பச் சொல்லும் துணிச்சல் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது?

அந்த அழைப்பு பதிவு செய்யப்படுவதாகத் தங்கள் தானியங்கிக் குரலே சொன்னது. தயவுசெய்து அதை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு வார்த்தை தடித்துப் பேசியிருந்தால் இந்தப் புகாரையே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உடைந்த பாகத்தை நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவதாக மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி காலையில் பல்லவன் விரைவு வண்டியைப் பிடித்து, உடைந்த இரும்பையெல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நண்பகலில் எழும்பூரில் இறங்கி, வெயிலில் தங்கள் விற்பனையகம் வந்து சேர்ந்தேன். அங்கிருந்தவர் பையைத் திறக்கக்கூட விடவில்லை. அட்டைப் பெட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். பெட்டி இல்லாமல் மாற்றித்தர இயலாது என்றார். போல்ட்டை மாட்டிய பிறகும் அட்டைப் பெட்டியைப் பூஜை அறையில் வைத்துக் காக்க வேண்டும் என்று ரசீதின் எந்த வரியில் அச்சிட்டிருக்கிறீர்கள்? மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மாலை வரை அவர் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். ஊர் திரும்பும் வழியில், 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது!

இதற்கிடையே மாற்றுப் பாகம் என்று ஒரு பொதி வீட்டுக்கு வந்ததையும் குறிப்பிட மறந்துவிட்டேன். அது நான் சென்னைக்கு வருவதற்கு முன்பே வந்தது. பிரித்தால், பிரீமியர் பத்மினி என்ற வேறொரு காருக்கான ஷேக்கிள் பின் என்று அதன் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. அதைத் திரும்ப எடுத்துச் செல்ல ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். இன்றுவரை யாரும் வரவில்லை, அதுவும் என் திண்ணையில்தான் கிடக்கிறது.

கடைசியாக வந்த தங்கள் பதிலில், தவறாகப் பொருத்தியதும் அதிகப் பாரம் ஏற்றியதுமே காரணம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பாகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? வண்டியில் நானும் என் மனைவியும் சீர்த் தட்டுகளும் மட்டுமே இருந்தோம். பெல் (BHEL) ஆலைக்கு உதிரி வேலை செய்துகொடுக்கும் லேத்துப் பட்டறை ஒன்றில் மரை கேஜ் வைத்து அளந்து, போல்ட் ஒரு அளவு, நட்டு வேறு அளவு என்று எழுதி வாங்கியிருக்கிறேன். நகலும் புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. யூ போல்ட் தளர்ந்தால் ஆக்ஸில் நகரும் விசை முழுவதும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து அது துண்டாகும் என்பது பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் பையனுக்கும் தெரியும்.

மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. அதன்பின் எங்களைப் போன்றவர்கள் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதையோ தங்களைப் போன்ற நிறுவனங்கள் தருவதையோதான் நம்பி வண்டி ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கையில்தான் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத் தங்களிடம் வாங்கினேன்.

எங்கள் குடும்பத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் என் தந்தையார் வாங்கிய இந்த வண்டியில்தான் ஊர்வலம் வந்திருக்கிறார்கள். என் தங்கை மகன் மட்டும் வாடகைக்கு எடுத்த வெள்ளை நிற வேனில் வந்தான். சம்பந்தி வீட்டார் முன்னால் நாற்பது ஆண்டு மானம் ஒரே மாலையில் போனது. இதற்கு விலை வைக்க முடியாது என்றாலும், மீட்பு வண்டிக் கூலி, மட்கார்டு வேலை, புது டயர், சென்னைப் பயணம், மன உளைச்சல் எல்லாவற்றுக்குமாக ஐந்து லட்சம் ரூபாய் கேட்பது மிகக் குறைவு என்றே கருதுகிறேன்.

நெடுநாள் வாடிக்கையாளன் என்ற முறையில், தங்கள் மேல் இன்னும் ஓரளவு மரியாதை வைத்தே இதை எழுதுகிறேன். செட்டின் முழு விலையையும் மேற்சொன்ன இழப்பீட்டையும் தர வேண்டும், காய்லாங்கடை பற்றி அறிவுரை சொன்ன ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, இதே பெட்டியை வாங்கிச் சென்ற மற்றவர்களைத் தாங்களே அழைத்து, நட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு நிற்க மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த சேதத்துக்கு அதைத் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்க வழி செய்கிறது. மேலும் அச்சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், அடுத்த முறை ரயில் ஏறி வர வேண்டியது நானல்ல, தாங்கள்தான். அப்போது அட்டைப் பெட்டி எதுவும் கொண்டுவரத் தேவையில்லை.

உடைந்த பாகங்களைக் கூரியரில் அனுப்பச் சொல்லி நேற்றும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அனுப்ப மாட்டேன். பார்க்க விரும்பினால், மரை பற்றித் தெரிந்த ஒருவரை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். பத்மினியின் ஷேக்கிள் பின்னையும் அவரே எடுத்துச் செல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அம்பாசிடர் மார்க் 4 உரிமையாளர்.

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள், லேத்துப் பட்டறையின் அளவுக் குறிப்பு, மீட்பு வண்டி ரசீது நகல்.