கீழ்த்தளத் தைச்சி வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவுக்கும், விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். சீன மொழி அறிக்கையைத் துணைச் செயலாளர் தனியாகத் தருகிறார். அவர் நிகழ்ச்சிகளையும் கணக்கையும் விரிவாக எழுதியிருப்பதால், தமிழ் உறுப்பினர்களுக்கான இந்த அறிக்கையில் நான் தைச்சி என்னும் சீனச் சண்டைக் கலையில் நாம் செய்த பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இடப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கப்பூர் தோ பாயோவில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வழக்கம்போல வகுப்பு நடந்தது. மராமத்து வேலை நடந்த மாதங்களில் பூங்காவுக்குப் போனோம். மழைக்காலத்துக்காக முன்கூட்டியே பதிவு செய்திருந்த அறையைக் கடைசி நேரத்தில் வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள், அது வருத்தம்தான். காலையில் இசை சத்தமாக இருக்கிறது என்று மேல்மாடியில் இருப்பவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, நிறுத்திவிட்டோம். நிறுத்தியது நல்லதாகவே போயிற்று, ஏனென்றால் இசையின் வேகத்தைத் துரத்தாமல் அவரவர் மூச்சுக்கு ஏற்றபடி செய்ய ஆரம்பித்தோம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஷிஃப்டில் வேலை செய்யும் தாதியர், பேருந்து ஓட்டுநர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பல வகை. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்ட கேள்வி, "24 ஃபார்ம் முடிக்க எத்தனை மாசம் ஆகும்?" பெரியவர்களாகிக் கற்க வரும்போது எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வருவது இயல்பு. ஆனால் தைச்சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியின் அந்த 24 அசைவுகளே 1956ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் மக்கள் எளிதாகக் கற்கட்டும் என்று சுருக்கித் தொகுத்தவை. முழுதாகச் செய்தால் ஐந்து, ஆறு நிமிடம்தான். அதையும் அவசரமாக விழுங்கினால் மிஞ்சுவது கை ஆட்டம் மட்டும்தான்.

அதனால் சிஃபுவும் (நம் ஆசிரியர்) செயற்குழுவும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சரியாக மாற்ற வரும்வரை புதியவர்கள் தொடக்கத்தில் வரும் 'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்' அசைவைத் தாண்டிப் போக வேண்டாம் என்பதே அந்த முடிவு. சிலருக்கு இது பிடிக்கவில்லை, ஓரிருவர் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள், அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்தாலும் இந்த முடிவு சரியானது என்றே உறுதியாக நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

நம் முட்டிதான் காரணம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போன ஒருவர் திரும்பும்போது, இடுப்பு திரும்பாது, பாதமும் தரையை விட்டு நகராது, நடுவில் இருக்கும் முட்டி முறுக்கிக்கொள்ளும். எடை முழுவதும் இருக்கிற காலில் இது நடந்தால் வலி வராமல் என்ன செய்யும்? ஆரம்பத்தில் இரண்டு பேர் முட்டி வலி என்று சொன்னபோது சிஃபு அவர்களை முட்டியை அதிகம் மடக்காமல் உயரமாக நிற்க வைத்தார், எடையைப் பின்காலுக்கு மாற்றிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் திருப்பிவிட்டு, அப்புறம்தான் முன்னே போகச் சொன்னார். முட்டி எப்போதும் கால் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. இரண்டு பாதங்களுக்கும் இடையில் தோள் அகலம் இருக்க வேண்டும், கயிற்றின்மேல் நடப்பதுபோல ஒரே கோட்டில் வைத்தால் தடுமாறும். 'பாம்பு கீழே ஊர்தல்' அசைவில் வீடியோவில் பார்க்கிற மாதிரி தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். உயரமாகச் செய்தாலும் அது தைச்சிதான்.

இன்னொன்று, அசையாமல் நிற்கிற ஜான் ஜுவாங் பயிற்சி. புதியவர்களுக்கு இதுதான் மிகவும் அலுப்பு. முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைத் தளர்த்தி, தோளை இறக்கி, கைகளை மார்பளவில் வட்டமாக வைத்து ஐந்து நிமிடம் நிற்பது. தொடை நடுங்கும், தோள் தானாகக் காதை நோக்கி ஏறும், மூச்சை அடக்கிக்கொள்வோம். ஆனால் உடம்பில் எங்கெங்கே தேவையில்லாமல் இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது இங்கேதான் தெரிய வருகிறது, நகரும்போது தெரியாது. வகுப்பில் செய்வதோடு விடாமல், தினமும் வீட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இரத்த அழுத்தத்துக்காக, தூக்கத்துக்காக வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் இது சண்டைக் கலை என்பதை மறந்துவிட்டால் அசைவுகளுக்கு உயிர் இல்லாமல் போய்விடும். இந்த ஆண்டு சிஃபு ஜோடி ஜோடியாக நிற்க வைத்துப் பயன்பாடு காட்டியது எனக்குத் தெரிந்து பெரிய மாற்றம். குதிரைப் பிடரியில் ஒரு கை எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுக்க, இன்னொரு கை அவருடைய அக்குளுக்கு அடியில் போகும், நாம் இடுப்பைத் திருப்பினால் அவர் நிலை குலைவார். 'முட்டியைத் துடைத்தல்' அசைவில் கீழ்க்கை, வரும் உதையையோ குத்தையோ ஒதுக்கும், மேல்கை நெஞ்சைத் தள்ளும். இதைச் செய்து பார்த்தபின், அதுவரை விறைப்பாக இருந்தவர்களின் தோள் தானாக இறங்கியது. கை எதற்காகப் போகிறது என்று தெரிந்தால் எங்கே தளர்த்த வேண்டும் என்பதும் தெரிகிறது.

அடுத்து துய்ஷோ, அதாவது இருவர் கை ஒட்டித் தள்ளிப் பழகுவது. பெங் (தாங்கி ஏந்துதல்), லு (பின்னே இழுத்து ஒதுக்குதல்), ஜி (அழுத்துதல்), ஆன் (தள்ளுதல்) என்ற நான்கும் இதில்தான் கைக்கு வரும். பலத்தால் தள்ளினால் உடனே தோற்றுப்போவோம், அதைச் சின்ன உருவத்து அக்கா ஒருவர் எல்லாருக்கும் காட்டிவிட்டார். பெண்களில் சிலர் ஆண்களோடு ஜோடி சேரத் தயங்கினார்கள், அது அவர்கள் விருப்பம், யாரோடு பழகுவது என்பதை அவரவரே முடிவு செய்யும் ஏற்பாடு இந்த ஆண்டும் தொடரும்.

"இந்த வயசுல ஆரம்பிச்சு என்ன வரப்போகுது?" என்று கேட்டவர்களுக்காக ஒரு செய்தி. யாங் பாணியின் பெரிய ஆசிரியர் யாங் செங்ஃபுவின் மாணவர் ஜெங் மான்சிங். அவரிடம் மாணவராகச் சேர்ந்த ஹுவாங் சிங்ஸியென் 1910ல் பிறந்தவர், ஏற்கெனவே வெண்கொக்குப் பாணி என்ற இன்னொரு சீனச் சண்டைக் கலையில் ஆசிரியராக இருந்தவர். தைவானில், நாற்பதை நெருங்கும் வயதில், தைச்சியில் அவர் புதிய மாணவராகத் தொடங்கினார். பிறகு நம் சிங்கப்பூருக்கு வந்து, மலேசியாவிலும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார், இந்த வட்டாரத்தில் இன்றும் அவருடைய வழியில் கற்பவர்கள் நிறைய. கற்ற கலையை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொன்றுக்கு மாணவராக நிற்க அவருக்கு மனம் இருந்தது, ஒன்றுமே தெரியாமல் வரும் நமக்கு ஒதுக்கிவைக்க எதுவும் இல்லை.

சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு சிஃபு வீட்டுக்குப் போனோம், தீபாவளிக்கு அவர் குடும்பத்தோடு நம் உறுப்பினர் வீட்டுக்கு வந்தார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவை உயர்த்தவில்லை, சிஃபுவின் பயணச் செலவை மட்டும் கூட்டிக் கொடுக்கக் குழு பரிந்துரைக்கிறது, அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பழைய உறுப்பினர்களில் யாராவது இருவர் புதியவர்கள் பக்கத்தில் நின்று முட்டியையும் பாதத்தையும் மட்டும் கவனித்துச் சொல்ல முன்வர வேண்டும், சிஃபு ஒருவரால் எல்லாரையும் பார்க்க முடியவில்லை. இரண்டு, தயவுசெய்து அடிப்பாகம் மெல்லிய, தட்டையான காலணி போட்டு வாருங்கள். தடித்த ஓட்டக் காலணியில் தரை தெரிவதில்லை, திரும்பும்போது பாதம் ஒட்டிக்கொள்கிறது, அந்தச் சுமையும் முட்டிக்குத்தான் போகிறது. உதவிக்கு நிற்க விரும்புகிறவர்கள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்