கறுப்பு ஆயிலுக்கு ஒரு பீப்பாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூரிலிருந்து பெங்களூரு கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். சொந்த டீசல் பிக்கப். போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் ஃபில்டர் மாற்றினேன். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் ஆயில் விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்னால் ரோட்டில் கறுப்புக் கோடு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேலேயே புதுசை முடுக்கியிருக்கிறார்கள்! இரண்டு ரப்பர் சேர்ந்தால் பிடிக்குமா?

சரி, இப்போது நானே மாற்றுகிறேன். பழைய வளையம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் பூசிக் கையாலேயே இறுக்குகிறேன். ஆனால் வடித்த பழைய ஆயிலை எங்கே கொடுப்பது? பக்கத்தில் சிலர் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். சாக்கடைத் தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்காலான கோரமங்களா ராஜகால்வாய் போய்ச் சேருவது பெல்லந்தூர் ஏரியில். 2018இல் தீப்பிடித்த அதே ஏரி. மாநகராட்சி வார்டுக்கு ஒரு பீப்பாயாவது வைக்கட்டும். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஏற்கெனவே மூன்று கேன் நிற்கிறது.

- ஒரு பிக்கப் ஓட்டுநர், பொம்மனஹள்ளி, பெங்களூரு