யாளி வாயில் புகை

காட்பாடி,
ஞாயிறு மதியம்

டேய் சேகர்,

திட்ட வேண்டியதை முதலில் திட்டி முடித்துவிடு. பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை, நீ கூப்பிட்டபோது போனையும் எடுக்கவில்லை. "அவனுக்கு மெஷின் பைத்தியம்" என்று வேலாயுதத்திடம் நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. உண்மையைத்தானே சொன்னாய். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். இனி விஷயம்.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் என் சி.என்.சி. மெஷினில் ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் பிட்டைப் பிடித்துச் சுற்றும் மோட்டாரை, மாற்றிவிட்டேன். நீ வந்தபோது "இது மிக்சி மோட்டாரா?" என்று கேட்டாயே, அந்த 500 வாட், 12000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சமாசாரம் இப்போது பரணில் இருக்கிறது. அதன் இடத்தில் 2.2 கிலோவாட், 24000 ஆர்.பி.எம்., தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில். விலையை எழுத மாட்டேன். எழுதினால் உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் போன் வரும்.

மாற்றியதற்குக் காரணம் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுப் பூஜையறைக் கதவு. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் இருக்கிற யாளி மாதிரி தேக்கில் வேண்டும் என்றார்கள். பழைய ஸ்பிண்டிலில் போட்டேன். வளைவு வரும் இடமெல்லாம் மரம் கருகியது. யாளி குடியாத்தம் பீடி குடித்த மாதிரி வாயெல்லாம் கருப்பு. மோட்டாருக்குத் திராணி இல்லை என்று முடிவு கட்டி, பெரியதை வாங்கி மாட்டி, 24000-இல் சுற்றவிட்டேன்.

இப்போது நிஜமாகவே புகை வந்தது. புது பிட் நீலம் பாய்ந்துவிட்டது.

அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த உட்காரலை நீ பார்த்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக் கோவிந்தன் ஆசாரி உள்ளே வந்தார். ஸ்பிண்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே கிடந்த தூளை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கதவு செய்றியா, மாவு அரைக்கிறியா?" என்றார். "இழைப்புளில சுருள் வந்தா வெட்டுதுன்னு அர்த்தம். தூள் வந்தா தேய்க்குது. தேய்ச்சா சூடு வராம இன்னா வரும்?"

ராத்திரி தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஐ.டி.ஐ.யில் கண்ணாடி மாஸ்டர் நம் தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய வெட்டு வேகச் சூத்திரம் பை டி என் பை ஆயிரம்தானே (டி விட்டம், என் சுற்று)? 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் ராடு, ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல், நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால் 380 சுற்று. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அந்தப் புத்தியில்தான் நானும் வேகம், வேகம் என்று சுற்றை மட்டும் பார்த்தேன். மரத்துக்கு அது பெரிய தடையே இல்லை. ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எவ்வளவு கனத்துக்குக் கடிக்கிறது என்பதுதான் கணக்கு. ஃபீடை, அதாவது பிட் மரத்தில் முன்னேறும் வேகத்தை, சுற்றாலும் பல்லின் எண்ணிக்கையாலும் வகுத்தால் வந்துவிடும்.

என் ஃபீடு நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர். மெதுவாகப் போனால் மெஷினுக்கு நல்லது என்று வைத்திருந்தேன். இரண்டு பல் பிட், 12000 சுற்று என்றால் ஒரு பல்லுக்கு 0.017 மில்லிமீட்டர். இந்தக் கடிதத் தாளின் கனமே ஏறக்குறைய 0.1 இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு! பல் மரத்துக்குள் இறங்கவே இல்லை, மேலே உரசிக்கொண்டே போயிருக்கிறது. சிப் (சீவல்) கனமாக விழுந்தால் சூட்டையும் அதுவே எடுத்துக்கொண்டு போய்விடும். சிப்பே இல்லையென்றால் சூடு பிட்டிலும் மரத்திலும்தானே தங்கும்? நான் செய்த மேதாவித்தனம், அதே 400-ஐ வைத்துக்கொண்டு சுற்றை இரட்டிப்பாக்கியது. கடி பாதியானது, யாளி பற்றிக்கொண்டது.

மறுநாள் 14000-க்கு இறக்கி, ஃபீடை 2000-க்கு ஏற்றினேன். கை நடுங்கியது, மறைப்பானேன். 6 மில்லிமீட்டர் பிட் சீறிக்கொண்டு போனது, பொன்னிறச் சீவல் தெறித்தது, ஒரு கருப்புப் புள்ளி இல்லை. சட்டம் கொஞ்சம் அதிர்ந்ததால் ஆழத்தை மட்டும் 3-லிருந்து 2 மில்லிமீட்டராகக் குறைத்தேன். கோவிந்தன் ஆசாரி ஒரு சீவலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு போனார். அவ்வளவுதான் பாராட்டு.

நீ கேட்கப்போவது தெரியும்: அப்படியானால் பழையதிலேயே ஃபீடை ஏற்றியிருக்கலாமே? ஏற்றியிருக்கலாம். இதை என் வீட்டில் சொல்லாதே. "வேலூரில் சாமியில்லாத கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துட்டாரு, நீரில்லாத ஆத்துல 2021-இல் வெள்ளமே வந்துச்சு, உங்க மெஷின்ல எப்போ வேலை வரும்?" என்று ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய ஸ்பிண்டிலின் கூடவே பெரிய தொல்லையும் வந்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவில் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். இந்த மோட்டாருக்கு 400 ஹெர்ட்ஸ். அதை 60-ஆல் பெருக்கினால்தான் 24000. பார்க்காமல் போட்டிருந்தால் 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜும் ஏறி வைண்டிங் வெந்திருக்கும். எங்கள் போர் தண்ணீரில் குடமே வெள்ளை பூக்கும் என்பதால் ஸ்பிண்டிலைக் குளிர்விக்கப் பேட்டரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறேன். எல்லாவற்றுக்கும் மேல் எடை, 5 கிலோ. ஒருநாள் நடுவில் கரண்ட் போனது. பிடிப்பு விட்டதும் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு தானாக இறங்கி, இன்னும் சுற்றிக்கொண்டிருந்த பிட் யாளியின் கண்ணில் குத்திவிட்டது. இப்போது கிணற்று ராட்டினம் மாதிரி கப்பி போட்டு எதிர் எடை கட்டியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

இன்னொன்று. இரண்டு மாதமாக ஒரு இருமல், போகவே இல்லை. டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே சொல்லிவிட்டதாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை, படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்த மாவு முழுவதும், சேகர், மூடிய அறையில் நான்தான் சுவாசித்தேன். உன் போனை எடுக்காத வாரம் அதுதான். ரிப்போர்ட் வருகிறவரை யாரோடும் பேசத் தோன்றவில்லை. இப்போது தூசு உறிஞ்சியும் முகமூடியும் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

சரி, ஒரு உதவி. ஒரு பல் மட்டும் அதிகமாகத் தேய்கிற மாதிரித் தெரிகிறது. 0.07 கடியில் ரன்அவுட் (பிட் மையம் விலகிச் சுற்றுவது) 0.05 இருந்தால் ஒரு பல்தான் பெரும்பாலும் உழைக்கும், இன்னொன்று பேருக்குக் கூடப் போகும் (நம் பேட்ச்சில் யார் என்று சொல்ல வேண்டாம்). பிட்டைக் கவ்வும் கோலெட்டா, நட்டா, ஸ்பிண்டிலேவா என்று அளந்து பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் "இரவல்" வாங்கி வந்த டயல் கேஜ் இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, எண்ணெய்க் குழம்பு வைக்கச் சொல்கிறேன். மேக்னட் ஸ்டாண்டை மறந்துவிடாதே, போன தடவை மாதிரி.

உன்
குமரேசன்