மகளுக்கு, போத்தல் விஷயமாக

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாய், தகப்பன் பிரான்சின் பர்கண்டிப் பகுதி வெள்ளை வைன் பிரியர், என்ன போத்தல் கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தாய். போனில் அம்மா பக்கத்தில் நின்றதால் விரிவாகச் சொல்லவில்லை. அவளுக்கு வைன் என்றாலும் சாராயம் என்றாலும் ஒன்றுதான். நான் பாரிஸ் குசினிகளில் தலை நரைத்தவன், எனக்கு வித்தியாசம் தெரியும்.

தொமேன் லெஃப்லேவ் என்ற வைன் தோட்டக் குடும்பத்தின் மாகோன்-வெர்சே என்ற வைனை வாங்கு. லேபிளை நன்றாகப் பார். ‘ஒலிவியே லெஃப்லேவ்’ என்று இருந்தால் அது அதே குடும்பத்து ஆள் 1984-ல் தொடங்கிய வேறு கொம்பனி. கூடாத வைன் இல்லை, ஆனால் நான் சொல்வது அதை அல்ல.

இந்தக் குடும்பத்தின் ஊர் பர்கண்டியில் உள்ள புலினி-மொன்ராஷே. ஜோசப் லெஃப்லேவ் என்பவர் கடற்படைப் பொறியியலாளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். ஃபிலோக்செரா பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தோட்டங்களை அழித்துவிட்டதால் காணி விலை விழுந்து கிடந்த நேரம். மற்றவர்கள் விற்க, அவர் வாங்கினார். பிரான்சில் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். பர்கண்டியில் தோட்டங்கள் துண்டு துண்டாகப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் 1953-ல் ஜோசப் இறந்த பிறகும் பிள்ளைகள் தோட்டத்தைப் பிரிக்காமல் சேர்ந்தே நடத்தினார்கள். நம் ஊரில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

பிறகு 1990-ல் பேத்தி ஆன்-குளோட் பொறுப்புக்கு வந்தார். செயற்கை ரசாயனம் இல்லாத பயோடைனமிக் முறையை முதலில் சில துண்டுகளில் மட்டும் செய்து பார்த்துவிட்டு, 1997-க்குள் முழுத் தோட்டத்தையும் அதற்கு மாற்றினார். மாட்டுக்கொம்பில் சாணம் அடைத்து மண்ணில் புதைப்பது, நிலவின் நாள் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. அந்த நாள்கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வைன் நல்லது, அதை மறுக்க முடியாது. அவர் 2015-ல் இறந்துவிட்டார், இப்போது அதே குடும்பத்துப் பிரிஸ் நடத்துகிறார்.

மொன்ராஷே என்ற பெயர்பெற்ற தோட்டமே மொத்தம் சுமார் எட்டு ஹெக்டேர்தான். அதில் இவர்களுக்கு இருப்பது 0.08 ஹெக்டேர், நம் ஊர்க் காணிக் கணக்கில் மூன்று பரப்புக்குக் கொஞ்சம் மேலே. 2016 ஏப்ரலில் உறைபனி விழுந்து தளிரெல்லாம் கருகியபோது, தனித்தனியாகப் பிழிந்தால் பீப்பாய்க்கே காணாது என்று மொன்ராஷேயில் துண்டு வைத்திருந்த ஏழு தோட்டக்காரர்கள் பழத்தை ஒன்றாகக் கொட்டினார்கள். பர்கண்டியின் பேர்போன ரொமானே-கொந்தித் தோட்டமும் அதில் ஒன்று. லெஃப்லேவ் வீட்டில்தான் அந்த வைனைச் செய்தார்கள். வந்தது இரண்டே பீப்பாய். ஒரு பீப்பாய் 228 லீற்றர். மேசையில் பேச்சு வராமல் போனால் இந்தக் கதையை எடுத்துவிடு, அந்த மனுஷன் உன்னை விடமாட்டார்.

அந்த மொன்ராஷே போத்தல் ஆயிரக்கணக்கில் யூரோ, நமக்குச் சரிவராது. மாகோன்-வெர்சே தெற்கே மாகோன் பக்கத்துத் தோட்டம், 2004-ல் வாங்கினார்கள். அதே ஷார்டனே வகை திராட்சைப் பழம், அதே கவனிப்பு. மலிவில்லை, ஆனால் உன் சம்பளம் தாங்கும்.

பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்ற விடாதே, பன்னிரண்டு டிகிரி அளவில் வாசம் தெரியும். அரை மணி நேரம் முன்பே எடுத்து வெளியில் வைக்கச் சொல். அம்மா றோல்ஸ் பொரித்துத் தருவாளாம், உறைப்புக்கும் இதுக்கும் ஒத்துவராது, அதைத் தனியாகச் சாப்பிடுங்கள். போகும் வழியில் போத்தலைக் கார் வெயிலில் விடாதே. அப்புறம், விலைத்தாளை மறக்காமல் கிழித்துவிடு.

அன்புடன்,
அப்பா