தீர்ப்பில் பதிவான சிரிப்பு

அன்புத் தங்கத்துக்கு,

உன் ஸ்டாண்ட்-அப் காமெடி ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டேன். "நீ கேக்காதம்மா" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அதைப் பற்றிப் பேசும்போது, கேட்காமல் உனக்காகப் பரிந்து பேசவும் முடியவில்லை, கேட்காமல் உன்னைக் கண்டிக்கவும் முடியவில்லை. கேஸ் கட்டைப் படிக்காமல் ஒரு நாளும் கோர்ட்டில் எழுந்து நின்றவள் இல்லை உன் அம்மா.

முதலில் ஒன்று. நன்றாகச் செய்திருக்கிறாய். விசா நேர்காணல் பகுதிக்கு வாய்விட்டுச் சிரித்தேன். தீட்டு என்று சொல்லி உன்னைக் கோயில் வாசலில் நிறுத்திய கதையில் சிரிப்போடு கோபமும் வந்தது, அது வர வேண்டிய கோபம்தான். கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் பெரிய மாமா குதிக்கிறார். எனக்கு அவை ஒன்றும் புதிதில்லை. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு 294 பி பிரிவு போட்ட எஃப்.ஐ.ஆர். எத்தனை படித்திருப்பேன்! எவன் எவளை என்ன சொல்லித் திட்டினான் என்று எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும். அதை நீதிபதி முன்னால் படித்துக் காட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். வார்த்தையைக் கேட்டதுமே ஒருவர் கெட்டுப்போய்விடுவார் என்று நான் நம்பவில்லை.

போனில் நீ கேட்டாய்: "பிடிக்காதவங்க கேக்காம இருந்தா முடிஞ்சுதும்மா, எதுக்கு என்னைத் திட்டணும்?" இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். 2016-இல் நம் சென்னை உயர் நீதிமன்றமே ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கிறது. புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு, படித்தே தீர வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று ஒரு தமிழ் எழுத்தாளர் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அன்று பார் அசோசியேஷன் அறையில் அதைச் சத்தமாகப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் உன் தொழிலுக்கு நெருக்கமான வழக்கு நீ இருக்கும் நியூயார்க்கிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1972 மே மாதம் சாண்டா மோனிகாவில் பதிவு செய்த ஆல்பத்தில், தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு வார்த்தைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த ஜூலையிலேயே மில்வாக்கியில் ஏரிக்கரைத் திருவிழா மேடையில் அதைச் சொன்னதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. டிசம்பரில் வழக்குத் தள்ளுபடி. பேச்சு அநாகரிகம்தான், ஆனால் அமைதிக்குப் பங்கம் வராதவரை பேச உரிமை உண்டு என்றார் நீதிபதி.

பெரிய வழக்கு அடுத்த ஆண்டு வந்தது. 1973 அக்டோபர் 30, பிற்பகல் இரண்டு மணி. டபிள்யூ.பி.ஏ.ஐ. என்ற நியூயார்க் வானொலி, சமூகம் வார்த்தைகளை எப்படிப் பார்க்கிறது என்ற நிகழ்ச்சியில், கார்லினின் அடுத்த ஆல்பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடப் பகுதி ஒன்றைப் போட்டது. சிலருக்கு உறுத்தக்கூடிய பேச்சு வரப்போகிறது என்று முன்னாலேயே அறிவிப்பும் செய்தது. அந்த நேரம் மகனோடு காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காதில் அது விழுந்தது. சில வாரம் கழித்து அவர் அமெரிக்க மத்திய தகவல் தொடர்பு ஆணையத்துக்குப் புகார் எழுதினார். வேறு எந்தப் புகாரும் தனக்குத் தெரிந்து வரவில்லை என்று வானொலி சொன்னது. அந்த ஒரு கடிதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 ஜூலை 3 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வானொலி தோற்றது.

நீ கேட்ட கேள்வி அங்கேயும் கேட்கப்பட்டது. பிடிக்காவிட்டால் ரேடியோவை அணைத்துவிட வேண்டியதுதானே? அதற்கு நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம்: அணைத்துவிடலாம் என்பது, அடிபட்டவனிடம் முதல் அடி விழுந்த பிறகு ஓடிப்போயிருக்கலாமே என்று சொல்வதைப் போன்றது. நடுவில் ரேடியோவைத் திருப்பியவனுக்கு முன்னறிவிப்பு போய்ச் சேருவதில்லை, வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் அது அழைக்காமலே வந்துவிடுகிறது என்பது அவர் வாதம்.

தீர்ப்பு சரியா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரென்னன், அந்த வார்த்தைகளைச் சுற்றியிருக்கும் பூச்சாண்டியை கார்லின் உடைப்பதைத் தங்கள் பிள்ளைகள் கேட்பது நல்லதே என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கலாம், அவர்கள் உரிமை எங்கே போயிற்று என்று கேட்டார். உன்னைப் பெற்றவளாக நான் அவர் கட்சி.

ஆனாலும் அந்த முதல் அடி என்ற பேச்சை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏன் என்று கேள். அந்தத் தீர்ப்புக்குப் பின்னிணைப்பாக, கார்லின் பேசியது முழுவதும் எழுத்தில் இருக்கிறது. ஏழு வார்த்தைகளும் அச்சில். நடுநடுவே 'சிரிப்பு', 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். அரங்கில் அடிக்கடி சிரிப்பெழுந்தது என்று தீர்ப்பின் வாசகமே சொல்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்ற ஆவணத்தில் ரசிகர்களின் சிரிப்பு சாட்சியமாக ஏறியிருக்கிறது! அதே பன்னிரண்டு நிமிடம்தான் காரிலும் ஒலித்தது, அங்கே ஒரு தகப்பன் முகம் சிவந்தான். அரங்கில் இருந்தவர்கள் இவரைக் கேட்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள், காரில் இருந்தவன் அப்படி வரவில்லை. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான், இரண்டு பேருக்கும் நேர்ந்தது உண்மைதான். சிரித்தவர்களை மட்டும் உன் ரசிகர்கள் என்று எண்ணிக்கொண்டு, சுளித்தவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடாதே. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய மாமா விஷயம் வேறு. அவர் ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. யாரோ வெட்டி அனுப்பிய சின்னத் துண்டைக் கேட்டுவிட்டு, "குடும்ப மானம்" என்று பேசுகிறார். 1964-இல் லென்னி புரூஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் மீது நியூயார்க்கில் நடந்த வழக்கில், கிளப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்த உரிமத் துறை அதிகாரி ஒருவர், அந்தக் குறிப்பை வைத்து அவர் பேசியதை நீதிமன்றத்தில் ஒப்பித்தார். தன் பேச்சை இவர் கொலை செய்கிறார், தண்டனை மட்டும் தனக்கா என்று புரூஸ் புழுங்கினார். தண்டிக்கப்பட்டார், மேல்முறையீடு முடியுமுன் 1966-இல் இறந்தும் போனார். நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2003-இல். செத்து முப்பத்தேழு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு யாருக்கு என்று எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. துண்டை மட்டும் கேட்டவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முழுவதும் கேட்டு எதுவும் சொல்லாதவர் ஒருவர் இருக்கிறார். அத்தை.

பிள்ளை வேண்டி அவர் கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டியது, திருக்கருகாவூர் நெய், ஒவ்வொரு மாதமும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. இதை வைத்து நீ பேசியிருக்கிறாய். அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் இல்லை, எந்த ஆணையமும் அதைத் தொடாது. ஆனால் மொத்த ஆல்பத்திலும் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். விசா அதிகாரிக்குப் பதவி இருக்கிறது, கோயில் வாசலில் நின்ற தர்மகர்த்தாவுக்கு ஊர் இருக்கிறது. அத்தைக்கு யார் இருக்கிறார்கள்? போன வாரம் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தபடி சொன்னார்: "அவகிட்ட நான்தான் சொன்னேன். சிரிக்கிறதுக்குச் சொல்லல." வேறு ஒன்றும் சொல்லவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை.

பிள்ளை இல்லாத பெண்ணை ஊர் படுத்தும் பாட்டைத்தான் நீ காட்ட நினைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. பதிவைத் திரும்பக் கேட்டுப் பார். அரங்கம் சிரிப்பது ஊரைப் பார்த்தா, அத்தையைப் பார்த்தா? நெய்யைப் பற்றிச் சொல்லும்போது நீ அத்தை குரலில் பேசுகிறாய், அங்கேதான் சிரிப்பு ஏறுகிறது.

நான் சொல்வதற்காக அந்தப் பகுதியை எடுத்துவிடாதே. மாமா மிரட்டுகிறார் என்றும் எடுக்காதே, அப்படி எடுத்தால் நாளைக்குக் கோயில் கதையையும் எடுக்கச் சொல்வார்கள். கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லை ஆல்பத்தின் தலைப்பிலேயே வைத்து, 1974-இல் வந்த அந்த ஆல்பத்துக்குக் கிராமி விருதும் வாங்கியவர். யார் சொல்லியும் விடவில்லை. 1979-இல் கென்யா போனார். சுற்றிலும் இருந்த மனிதர்களைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற ஒருவரும் அங்கே இல்லை என்று தோன்றியது. இனி எந்தக் கறுப்பினத்தவரையும் அப்படி அழைப்பதில்லை என்று அவராகவே முடிவெடுத்தார், பிறகு அதையும் மேடையிலேயே சொன்னார். நீயும் அத்தையோடு பேசு, பேசிவிட்டு முடிவெடு. வைத்துக்கொள்வதானால் அவர் தெரிந்து சம்மதித்து வைத்துக்கொள். சம்மதிக்கவும் கூடும், உன்னிடம் அவருக்குக் கோபம் நிற்காது.

சனிக்கிழமை ஷோ முடிந்து நீ வீடு திரும்பும்போது இங்கே ஞாயிறு காலை. அத்தை அந்நேரம் தனியாகத்தான் இருப்பார். மெசேஜ் போடாதே, கூப்பிடு.

டிசம்பரில் நீ சென்னையில் நடத்தப்போகும் நிகழ்ச்சிக்கு எனக்கும் அப்பாவுக்கும் முன்வரிசையில் டிக்கெட் எடுத்து வை. அத்தைக்கும் சேர்த்து எடுப்பதா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா
மதுரை